பேர் சொல்லாதது

பிள்ளையார்பாளையத்தில் துரைக்கண்ணு வீடு எது என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். சந்தேகக்கண்ணு வீடு என்று கேட்டுப் பாருங்கள், பால்காரன்கூட வண்டியை நிறுத்தி வழி காட்டுவான். நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. நெய்து முடித்துக் கொண்டுவரும் பட்டுச் சேலையை மேசைமேல் விரித்து, உடலும் கரையும் சேருகிற கோர்வையில் விரலை ஓட்டி, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஜரிகை மங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

வேலை சங்கத்தோடு முடிந்திருந்தால் ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருக்காது. மனுஷன் வீட்டுக்கு வந்தும் அதையே செய்தார். பாலை நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். மிளகு வாங்கினால் தண்ணீரில் போடுவார், பப்பாளி விதை மிதக்கிறதா என்று. கோயிலில் கொடுக்கிற விபூதியை மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். சிரிக்காமல் போனால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பித் தட்டோடு வந்த பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அவள் கட்டியிருந்த சேலையின் கோர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண்தான் அம்சவேணி. "நல்ல வேளை, எங்கம்மா சேலைய பாத்து எடுத்தாங்க. ஒரு இழை விட்டிருந்தா என்னையும் வேணாம்னிருப்பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். புருஷன் தட்டைப் பார்த்து முகம் சுளித்தால் அதிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "விஷம் இல்ல, சாப்புடுங்க" என்பாள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷன் அவளை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது இரண்டு பேரும் ஓரிக்கையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். மகன் லோகேஷ் மஸ்கட்டில் இருக்கிறான். "எனக்குக் கண்ணு சரியா தெரியல. உங்கம்மாவால தனியா சமாளிக்க முடியாது. பாத்துக்க ஆளுங்க இருக்கிற எடமா பாருப்பா" என்று அவனிடம் சொன்னவர் துரைக்கண்ணுதான். அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு நாள் அம்சவேணி அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து கோலம் போடப் போய்விட்டாள். இன்னொரு நாள், மஸ்கட்டில் இருக்கிற மகனுக்குப் பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று கேட்டாள். இதையெல்லாம் வெளியே சொல்வாரா அவர்? பழியைத் தன் கண்மேல் போட்டுக்கொண்டார்.

இல்லத்தில் இரண்டு கட்டடம். முன்கட்டடத்தில் நடமாடுகிறவர்கள் இருப்பார்கள். புருஷன் பெண்சாதியாக வந்தவர்களுக்கு ஒரே அறை. பின்கட்டடத்துக்கு இரும்புக் கதவு போட்டு எப்போதும் தாழ் போட்டிருக்கும். நினைவு தப்பினவர்களும் படுத்த படுக்கையானவர்களும் அங்கே. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். வந்த அன்றைக்கே துரைக்கண்ணு அந்தக் கதவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவருக்கு உலகத்தில் ஒரே கவலைதான். அம்சவேணியின் மறதி தெரிந்தால் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள், தான் இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். அவள் பேச்சில் இழை விடுகிற இடத்திலெல்லாம் இவர் முந்திக்கொண்டு, "அவ தமாஷ் பண்றாம்மா" என்று சொல்லி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் சுகாசினி வந்து சேர்ந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்து, பெரியவர்களை உட்காரவைத்து ஏதாவது செய்யச் சொல்கிற பெண். சென்னையில் அதற்கென்று படித்தவளாம். மற்றவர்கள் பந்து கொண்டுவருவார்கள், படம் வரையச் சொல்வார்கள். இவள் ஒரு பெரிய அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னாமா, சமையல் பண்ணப் போறியா?" என்றார் துரைக்கண்ணு.

"இல்லீங்க ஐயா. நீங்கதான் பண்ணப் போறீங்க" என்று சிரித்தாள்.

சிரித்தாள் அல்லவா? அதுவே போதும் அவருக்கு.

முதல் நாள் தனியாவையும் மிளகையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொன்னாள். விரலுக்கு நல்லதாம். எல்லாரும் பிரித்தார்கள். துரைக்கண்ணு மிளகை மட்டும் பொறுக்கித் தண்ணீர் டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஊசியும் நூலும் கொடுத்து ஏலக்காய் மாலை கோக்கச் சொன்னாள். வாசல் பிள்ளையாருக்குச் சாத்தலாம் என்றாள். அம்சவேணி மளமளவென்று கோத்தாள். கைக்கு மறதி வரவில்லை. துரைக்கண்ணுவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் சுகாசினி இடையிடையே போனை எடுத்து என்னவோ தட்டிக்கொண்டாள். யாரைப் பார்த்துத் தட்டுகிறாள், எப்போது தட்டுகிறாள் என்று அவர் கவனிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்த பிறகுதான் தட்டுகிறாள்.

மூன்றாவது விளையாட்டு அவர் தூக்கத்தைக் கெடுத்தது. கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு, மூக்கருகே ஒரு சரக்கைக் காட்டி, என்ன என்று கேட்பது. வேண்டுமானால் தொட்டும் பார்க்கலாம். அன்று முதலில் மாட்டியவர் சின்னப்பையன். எண்பதைத் தாண்டியும் பேர் சின்னப்பையன்தான், பாவம். அவர் கடுகை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கேவுரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சுகாசினி போனில் தட்டினாள். அந்த வாரமே சின்னப்பையனின் கட்டில் காலி. அவருடைய டிரங்குப் பெட்டியை இரண்டு பேர் பின்கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதைத் துரைக்கண்ணு ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கடுகைக் கேழ்வரகு என்றார், இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? விளையாட்டு என்று பேர் வைத்துவிட்டுப் பரீட்சை நடத்துகிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. விளையாட்டு நடந்த அன்று அம்சவேணியின் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அடுத்த தடவை அவள்தான் முதல் என்று சுகாசினி சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள்.

அடுத்த தடவைக்கு முந்தின நாள் சுகாசினி வேறு வேலையாக வந்து, பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, இல்லத்தை மேற்பார்வை பார்க்கும் அகிலாவோடு பேசப் போயிருந்தாள். துரைக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். லவங்கம், பட்டை, சோம்பு, சீரகம். கடைசி அறையில் காய்ந்துபோன வேர்த்துண்டு ஒன்று. மோந்து பார்த்தார். வசம்பு. ஒரு சின்னத் துண்டை ஒடித்து இடுப்பு மடிப்பில் செருகும்போது பின்னால் குரல் கேட்டது.

"இன்னா ஐயா, பேப்பர் அவுட் பண்றீங்களா?"

சுகாசினிதான். கோபமே இல்லாமல் கேட்டாள். ஆனால் துரைக்கண்ணு பெட்டியைப் படாரென்று மூடினார். பேப்பர் என்றால் பரீட்சைப் பேப்பர். அவள் வாயாலேயே வந்துவிட்டது. "சும்மா வாசனை பாத்தேம்மா" என்று முனகிக்கொண்டே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம், அறையில் விளக்குப் போட்டதும் பயிற்சி ஆரம்பமானது. சமையற்கட்டில் தொண்டைக் கரகரப்பு என்று பொய் சொல்லி மற்ற சரக்குகளையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார். அம்சவேணியைக் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"இது இன்னா சொல்லு, வேணி."

"லவங்கம். பல்லுவலின்னா வாயில அடக்கிக்கினு ரெண்டு நாளு பேசாம இருப்பீங்களே. வூடே அமைதியா இருக்கும்."

"கத வேணாம். பேரு மட்டும் சொல்லு. இது?"

"சீரகம்."

"சோம்பும்மா அது."

"ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்கதான், வுடுங்க."

பட்டையைக் காட்டினார். அவள் வெகுநேரம் மோந்தாள். அவரே பொறுக்காமல், "பட்டை" என்றார்.

"நெத்தியில போடுறதா?" என்று கேட்டு அவள் நெற்றியில் மூன்று விரலை இழுத்துக் காட்டினாள்.

கேலியா, மறதியா? அவள் முகத்தையே பார்த்தார். ஜரிகை நல்லதா கெட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொன்ன மனுஷனுக்கு இது தெரியவில்லை. பயமாக இருந்தது. கடைசியாக வசம்பை எடுத்து நீட்டினார்.

அம்சவேணி ஒரு தடவைதான் மோந்தாள். சடக்கென்று கண்ணைத் திறந்து, அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தாள். "விளக்கு வெச்ச நேரத்துல எதுக்கு இத எடுத்தீங்க?"

"பேரு இன்னா, சொல்லு."

"பேர் சொல்லாதது."

"அது எனக்குத் தெரியும். பேர சொல்லு."

"சொல்ல மாட்டேன். புள்ளைக்கு ஆவாது" என்று அவர் வாயையும் பொத்தினாள்.

குழந்தைக்கு வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்து, நாக்கில் தடவுவார்கள். அத்தனை நல்ல மருந்துக்கு வாயால் பேர் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. மற்ற பெண்கள் இருட்டினபிறகுதான் சொல்ல மாட்டார்கள், அம்சவேணி பட்டப்பகலிலும் சொன்னதில்லை. லோகேஷ் கைக்குழந்தையாக இருந்தபோது நாட்டு மருந்துக் கடையில் போய், "அது குடுங்க" என்பாள். கடைக்காரரும் எது என்று கேட்க மாட்டார்.

பேர் சொல்லாமல் இருப்பதில் அவள் அப்படியொரு பிடிவாதக்காரி. புருஷன் பேரும் அவள் வாயில் வந்ததில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கூப்பிடுவதற்கு "இந்தாங்க", பையன் பிறந்தபிறகு "லோகேஷ் அப்பா". ஒரு தடவை கணக்கெடுக்க வந்த வாத்தியார், வீட்டுக்காரர் பேரைக் கேட்டபோது, "வெள்ளைக்காரன எப்படிக் கூப்புடுவாங்க? அது முன்னாடி. பின்னாடி இது" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அவர் வெள்ளைக்கண்ணு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வீட்டைப் பறிக்க யாரோ செய்த சதி என்று துரைக்கண்ணு தாலுகா ஆபீசில் போய்க் கத்திவிட்டு வந்தார். சதி செய்தவள் வீட்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு மட்டும் சொல்லிடும்மா" என்று கெஞ்சினார். "சொல்லலன்னா ஒனக்குத் தெரியலன்னு எழுதிக்குவாங்க. பின்னாடி கொண்டும் போயிடுவாங்க."

"எழுதிக்கட்டும். நான் சொல்ல மாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. கூடவே, வெளியே காட்டிக்கொள்ள முடியாத நிம்மதியும் வந்தது. பட்டையை மறந்தால் மறக்கட்டும். இதை மறக்கவில்லையே. அடம் பிடிக்கிறாள் என்றால் அவள் அம்சவேணியாகவே இருக்கிறாள் என்று அர்த்தம். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். துரைக்கண்ணு முன்கூட்டியே போய் அம்சவேணிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வசம்பு வருகிறபோது, "இவங்க அது பேர சொல்ல மாட்டாங்கம்மா, எங்க பக்கம் வழக்கம்" என்று சொல்லிவிட வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதற்குக் காலை மிதித்துச் சைகை காட்டலாம். பட்டைக்கு இரண்டு மிதி.

சைகைக்கு வேலையே வரவில்லை. கைக்குட்டை கட்டினதும் அம்சவேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். லவங்கம் என்றாள். சீரகம் என்றாள். சோம்பைச் சோம்பு என்றே சொன்னாள். பட்டைக்குக்கூடத் தயங்கவில்லை. அகிலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு மூச்சை விட்டார்.

சுகாசினி கடைசி அறையிலிருந்து அந்த வேர்த்துண்டை எடுத்தாள். துரைக்கண்ணு சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தார்.

"வசம்பு" என்றாள் அம்சவேணி.

கணீரென்று சொன்னாள். கூடமே கைதட்டியது. "சூப்பர்மா! இதுவரைக்கும் யாருமே அஞ்சையும் சொன்னதில்ல" என்று சுகாசினி குதிக்காத குறைதான். துரைக்கண்ணுவும் கைதட்டினார். ஒரு நொடி அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். நேற்றுக் கெஞ்சினது வீண்போகவில்லை, தனக்காகப் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தார். கைக்குட்டையை அவிழ்த்தபோது அவள் தன் பக்கம் திரும்பி, பாத்தீங்களா என்று ஒரு பார்வை பார்ப்பாள் என்று காத்திருந்தார்.

அவள் திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவ்ளோ கரெக்டா சொல்றீங்க! சரக்கெல்லாம் பாத்து வாங்க யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள் சுகாசினி.

"எங்க வூட்ல ஒருத்தரு இருக்காரு. துரைக்கண்ணுன்னு பேரு. மிளகக்கூட தண்ணியில போட்டுப் பாப்பாரு" என்றாள் அம்சவேணி. "இன்னும் காணோம். சங்கத்துல இருந்து வந்துடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேலி பண்ணுகிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. "அவரு வந்தா எங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். துரைக்கண்ணுவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் தன் பேர் எப்படி ஒலிக்கும் என்று ரகசியமாக ஆசைப்பட்டிருக்கிறார். அது இப்படியா வர வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூடம் காலியான பிறகு சுகாசினி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு எதிரில் போய் நின்றார்.

"இது பரீட்சைதானேம்மா? உண்மைய சொல்லு."

"பரீட்சையா? ஐயோ, இல்லீங்க ஐயா. வாசன வந்தா பழைய பேச்சு வரும். நாலு வார்த்த பேசினா அவங்களுக்கும் நல்லா இருக்கும், அவ்ளோதான்."

"அப்ப போன்ல தட்டுறியே?"

அவள் போனை அவர் கையிலேயே கொடுத்தாள். யாருக்கு எந்த வாசனை பிடித்தது, யாருக்கு மிளகு பட்டால் தும்மல் வருகிறது என்பதுதான் இருந்தது. அவர் பேருக்கு நேரே, மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார், அடுத்த தடவை பெரிய டம்ளர் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"சின்னப்பையன எதுக்குப் பின்னாடி கொண்டுபோனீங்க?"

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு ஐயா. நர்ஸ் பக்கத்துல இருக்கணும்னு கூட்டிக்கினு போனாங்க. ஏன், ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லியிருப்பார்கள். அவர்தான் நம்பியிருக்க மாட்டார். இத்தனை நாள் நெஞ்சில் கட்டிவைத்த கோட்டை ஒரே பேச்சில் சரிந்துபோனது. பரீட்சை இல்லை, யாரும் யாருடைய மறதியையும் எழுதவில்லை, அம்சவேணிமேல் யாருக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது. இந்த இல்லத்திலேயே கெட்டிக்காரி என்று இன்றைக்குப் பேர் வாங்கியிருக்கிறாள். அவர் பேசாமல் அறைக்குத் திரும்பிப் போனால் ஒரு குருவிக்குக்கூடத் தெரியப்போவதில்லை.

திரும்பி நாலடி வைத்தார். நின்றார். எத்தனையோ நெசவாளிகள் கெஞ்சியும், பழுது இருக்கிற சேலையை நல்லது என்று சொல்லி உள்ளே அனுப்பாத கை அவருடையது. மறுபடியும் சுகாசினியிடம் வந்தார்.

"வேணிய ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்மா. மறதி வந்துடுச்சி. ரொம்ப நாளா இருக்குது. நான்தான் மறச்சி வெச்சிருந்தேன். எங்க கொண்டுபோனாலும் சரி, என்னையும் கூட வெச்சிடச் சொல்லு. நான் இன்னா வேல குடுத்தாலும் செய்றேன்."

சுகாசினிக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னா ஐயா சொல்றீங்க? இன்னிக்கு எல்லாத்தையும் கரெக்டா சொன்னாங்களே?"

"அதாம்மா" என்றார் துரைக்கண்ணு. "பேர சொல்லிட்டா. எம்பேரயும் சொல்லிட்டா."